செட்டிநாட்டுக் கோடை இரவுகளில் ‘வள்ளி திருமணம்’

காரைக்குடி நகரை ஒட்டிச் செட்டிநாட்டுச் செம்மண் பரப்பில் அமைந்துள்ள அரியக்குடி, வெளியூர்ப் பயணிகளுக்கு இரண்டு காரணங்களால் அறிமுகமான ஊர். சுற்றுவட்டாரத்தார் ‘தென்திருப்பதி’ என்று போற்றும் திருவேங்கடமுடையான் கோயில் அவற்றுள் ஒன்று. 1890ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பிறந்து, கருநாடக இசைக் கச்சேரி இன்றளவும் பின்பற்றிவரும் நிகழ்ச்சி வரிசைக்கு உருக்கொடுத்த அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் மற்றொன்று. கோயிலைச் சேவித்து, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளின் நெடிய முகப்புகளைப் பார்த்து, மாலைக்குள் திரும்பிவிடும் பயணிகளே மிகுதி. ஆயினும் பங்குனி பிறந்து வைகாசி முடியும்வரை உள்ள கோடை மாதங்களில் இப்பகுதிக்கு வருபவர் பொழுது சாய்ந்த பிறகும் தங்கிக் காண வேண்டிய மூன்றாவது ஒன்று உண்டு. அது, அரியக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், வடக்கே புதுக்கோட்டைச் சீமையிலும், மேற்கே மதுரை வரையிலும் அம்மன், ஐயனார், கருப்பர் கோயில் திருவிழாக்களின்போது விடிய விடிய நடைபெறும் இசை நாடகம். அதிலும் குறிப்பாக, சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய ‘வள்ளி திருமணம்’.

நாடகம் கோடையில் நடப்பதற்கு இப்பகுதியின் நிலமே முதற்காரணம். ஆற்றுப்பாசனம் அரிதாகவும் கண்மாய்ப் பாசனமே பெரும்பான்மையாகவும் உள்ள இந்த வறண்ட மண்ணில், மழைக்காலத்தில் நட்ட நெல் தை, மாசியில் களம் சேர்ந்துவிட, அதன்பின் அடுத்த மழையை நோக்கியிருக்கும் மாதங்களில் வேளாண் குடிகளுக்குக் கையில் சிறிது பணமும் நிறைந்த ஓய்வும் வாய்க்கின்றன. அறுவடை முடிந்த வயலும் நீர் வற்றிய ஊருணிக் கரையும் ஆயிரம் பேர் அமரத்தக்க திடல்களாகின்றன. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி, பங்குனியிலும், கொப்புடை நாயகியம்மனுக்குச் சித்திரை, வைகாசியிலும் பெருவிழா எடுக்கப்படுவதைப் போலவே, ஒவ்வோர் ஊரும் தன் தெய்வத்துக்கு இக்காலத்திலேயே காப்புக் கட்டுகிறது. பகல் வெயில் தணிந்து காற்று எழும் இரவுதான் கூடிக் களிப்பதற்கு ஏற்ற வேளை என்பது இங்குள்ளோர் அனுபவத்தில் அறிந்தது. பண்டைய ஏதென்சு நகரத்தாரும் பங்குனியை ஒத்த வேனில் திங்களில் தயோனிசசு என்னும் தெய்வத்துக்கு எடுத்த விழாவில், கி.மு. 486 முதல் இன்பியல் நாடகங்களுக்கும் போட்டி வைத்தனர் என்பதை நினைத்தால், வேனிலும் தெய்வமும் சிரிப்பும் ஒரே மேடையில் சேர்வது தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். ஏதென்சின் விழா வரலாறாகிவிட்டது. செட்டிநாட்டின் விழாவோ இந்த ஆண்டும் நடக்கிறது.

இங்கு நடைபெறும் நாடகத்தை மக்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றும், ஆய்வாளர் ‘இசை நாடகம்’ என்றும் வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செல்வாக்குப் பெற்ற நாடகக் கம்பெனிகளில் நடிகர் அனைவரும் ஒரே முதலாளியின் கீழ் ஒரே கொட்டகையில் தங்கி, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகச் சேர்ந்தே பயணம் செய்தனர். ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. ஊர் விழாக் கமிட்டியாரோ, நேர்த்திக்கடனாக நாடகம் வைக்கும் குடும்பத்தாரோ, தாங்கள் விரும்பும் ராஜபார்ட்டையும் (தலைமை ஆண் வேடம்), ஸ்திரீபார்ட்டையும் (தலைமைப் பெண் வேடம்), பபூனையும் (கோமாளி வேடம்), பபூனுடன் ஆடும் ‘டான்ஸ்’ கலைஞரையும், பக்கவாத்தியக்காரர்களையும் தனித்தனியே அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முன்பணம் கொடுத்து, அவர்களுடைய படங்களோடு நோட்டீசு அச்சிட்டுச் சுவர்களில் ஒட்டுவர். கலைஞர்கள் தத்தம் ஊரிலிருந்து பேருந்திலோ காரிலோ வந்து இறங்கி, மேடைக்குப் பின்னே ஒப்பனை செய்துகொள்ளும்போதுதான் அன்றைய இரவில் தம்மோடு நடிப்பவரை நேரில் காண்கின்றனர். இயக்குநர் என்று ஒருவர் இல்லை. ஒத்திகை என்று ஒன்று இல்லை. 1923இல் மதுரையில் தொடங்கப்பெற்ற நடிகர் சங்கமும், அதனைப் பின்பற்றிப் புதுக்கோட்டை முதலிய ஊர்களில் எழுந்த சங்கங்களும் இந்தக் கலைஞர்களை ஒன்றிணைத்து, வழக்குத் தீர்த்து, தொழிலுக்கு ஒரு நெறியைக் கொடுத்து வந்துள்ளன.

இவ்வாறு முன்பின் சேர்ந்து பழகாத பலர், எட்டு மணி நேரம் நீளும் ஒரு பாட்டு நாடகத்தைத் தடுமாறாமல் நடத்திச் செல்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை, அனைவர் நெஞ்சிலும் பதிந்திருக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பனுவலில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற சங்கரதாசர், முதலில் இரணியன், இராவணன், எமன் போன்ற அச்சந்தரும் வேடங்களில் நடித்துப் பெயர் பெற்றவர். பின்னர் நடிப்பைத் துறந்து நாடக ஆசிரியராகவே வாழ்ந்தார். அவர் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் தங்கியிருந்து தாள நுணுக்கங்களில் தேர்ச்சி பெற்றது, அவருடைய பாடல்களின் சந்தச் செறிவைக் கேட்பவருக்கு வியப்பளிக்காது. 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்னும் சிறுவர் குழுவை நிறுவி, நாடகக் கலைஞர்களான டி. கே. எஸ். சகோதரர்களை உருவாக்கிய அப்பெருந்தகை, 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். வெண்பா, விருத்தம், சிந்து, கண்ணி, கீர்த்தனை எனப் பலவகை யாப்பும் விரவ அவர் யாத்த பாடல்களே இன்றைய நடிகருக்கு மூலதனம். பாட்டு மாறுவதில்லை, பாட்டுக்கு இடைப்பட்ட உரையாடல் மட்டும் அன்றைய நடிகரின் சொல்வன்மைக்கும் அன்றைய அவையின் முகக்குறிப்புக்கும் ஏற்ப மேடையிலேயே பிறக்கிறது.

‘வள்ளி திருமண’த்தின் கதை, கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை நிறைவுசெய்யும் வள்ளியம்மை திருமணப் படலத்திலிருந்து வருவது. வேடர் தலைவன் நம்பிராசன் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுத்து வளர்த்த பெண், பருவமெய்தித் தினைப்புனங் காக்கப் பரணேறுகிறாள். நாரதர் அவளைக் கண்டு முருகனிடம் சொல்ல, முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், விருத்தனாக (முதியவனாக) நடுங்கி வருகிறான். அண்ணன் விநாயகன் யானையாகத் தோன்றி அச்சுறுத்த, வள்ளி விருத்தனைத் தழுவ, மணம் கைகூடுகிறது. தெய்வமே மாறுவேடம் பூண்டு ஒரு மலைமகளிடம் தோற்றும் கெஞ்சியும் வழக்காடியும் நிற்கும் இக்கதை, பக்தி நாடகம் என்று பட்டியலிடப்பட்டாலும், அமைப்பால் முழுமையான இன்பியல் நாடகம் என்றே கொள்ளத்தக்கது. ஆள்மாறாட்டம், காதலுக்குக் காவலாக நிற்கும் உறவினர், இறுதியில் திருமணம் என்று உலகின் பழைய நகைச்சுவை நாடகங்கள் பலவற்றிலும் காணப்படும் உறுப்புகள் இதில் ஒன்று குறையாமல் உள்ளன. தமிழ் மேடையின் செவ்வியல் இன்பியல் நாடகம் எது என்று கேட்பவர்க்கு இதனையே சுட்டலாம்.

நாடகம் நடைபெறும் இடம் பெரும்பாலும் கோயிலுக்கு எதிரேயுள்ள பொட்டல். ஊரார் கட்டிய சிமெண்டு கலையரங்கமோ, அது இல்லாத ஊரில் மரப்பலகைகளும் கீற்றும் கொண்டு எழுப்பிய மேடையோ அங்கே இருக்கும். அரண்மனையும் காடும் தெருவும் தீட்டிய திரைச்சீலைகளைக் கலைஞர் ‘சீன்’ என்பர்; இவை வாடகைக்கு வருகின்றன. மேடையின் ஒரு பக்கத்தில் ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், தாளக்காரர், ‘ஆல்ரவுண்டு’ எனப்படும் பலவாத்தியக்காரர் ஆகியோர் அவையோரின் பார்வையிலேயே அமர்ந்திருப்பர். இவர்களுள் ஆர்மோனியக்காரரின் பொறுப்பு பெரிது. ராஜபார்ட்டின் குரலுக்கும் ஸ்திரீபார்ட்டின் குரலுக்கும் கட்டை, அதாவது ஆதார சுருதி, வேறுபடுமாதலால், இருவரும் மாறி மாறிப் பாடும் இடங்களில் அவர் விரல்கள் கணப்பொழுதில் சுருதி மாற்றிக் கொடுக்க வேண்டும். நடிகர் அடியெடுப்பை மறந்தால் அதனை ஆர்மோனியத்தில் வாசித்தே நினைவூட்ட வேண்டும். புதிதாக வந்த நடிகை எந்த மெட்டில் பயின்றவர் என்பதை முதல் இரண்டு சொற்களிலேயே கண்டுகொள்ள வேண்டும். ஒத்திகை இல்லாத நாடகத்தின் ஒத்திகை முழுவதும் அவர் நினைவில் இருக்கிறது எனலாம்.

இரவு பத்து மணியளவில் வாத்தியங்களின் முழக்கத்தோடும் கடவுள் வாழ்த்தோடும் நிகழ்ச்சி தொடங்குகிறது. குடும்பம் குடும்பமாகப் பாயும் போர்வையும் கொண்டுவந்து இடம்பிடித்தவர்களுக்கு நடுவே பிள்ளைகள் உறங்கத் தொடங்கியிருப்பர். ஓரங்களில் தேநீரும் வடையும் விற்பனையாகும். முதலில் மேடையேறுபவர் பபூன். அவர் வந்தவுடன் சிரிக்க வைப்பதில்லை. அவையை வணங்கி, ஊரின் பெயரையும் தெய்வத்தின் பெயரையும் சொல்லி, கமிட்டியாருக்கு நன்றி கூறி, பக்கவாத்தியக் கலைஞர்களை அறிமுகம் செய்து, தம் குரல் வளத்தைக் காட்டும் ஒரு பாட்டையும் பாடிய பிறகே நகைச்சுவையைத் தொடங்குகிறார். மிருதங்கக்காரர் அவருக்கு உரையாடல் துணை. பபூன் சொல்லும் கதைக்கு ‘ஆமாம்’ என்றும் ‘அப்படியா’ என்றும் வாயாலும் தோலாலும் விடை தரும் மிருதங்கக்காரர், சிரிப்பு எழ வேண்டிய இடத்தில் ஒரு தீர்மானம் வைத்து, அது அடங்க வேண்டிய இடத்தில் கையை எடுத்துவிடுகிறார். அடுத்து ‘டான்ஸ்’ வந்து இருவரும் பாடி ஆடிப் போட்டியிடும் பகுதி ஏறத்தாழ நள்ளிரவு வரை நீள்கிறது. இப்பகுதியின் சொற்களில் சிலசமயம் வரம்பு கடப்பது உண்டு. அதைக் காரணம் காட்டி முழு நாடகத்தையும் தாழ்வாக மதிப்பவர், பின்னிரவில் அரங்கேறும் தமிழைக் கேளாமலே தீர்ப்பு வழங்குகின்றனர்.

அந்தப் பின்னிரவின் மையம் தர்க்கம். ஒருவர் பாட்டாலும் உரையாலும் வினா எழுப்ப, மற்றவர் அதே வகையில் மறுத்துரைக்கும் சொற்போரே தர்க்கம் எனப்படுகிறது. பரண் மீதிருந்து கிளியோட்டும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். நீ யார், யார் மகள், காட்டில் தனியே இருப்பது முறையா, மணம் செய்துகொள்ளாமல் வாழ்வது அறமா என்று தொடங்கும் வினாக்கள், சிறிது நேரத்தில் இல்லறம், துறவறம், ஆண் பெண் நிலை, புராணக் கதைகளின் உட்பொருள் என்று விரிகின்றன. நாரதராக நடிப்பவர் குறளைக் காட்டினால் வள்ளி திருப்புகழைக் காட்டுவார். அவர் ஒரு புராணத்திலிருந்து விடுகதை போட்டால் இவர் மற்றொரு புராணத்தால் அதனை அவிழ்ப்பார். எதிரில் நிற்பவர் என்ன கேட்கப்போகிறார் என்பது இருவருக்கும் தெரியாது. ஸ்திரீபார்ட் தயங்கினால் அவை உடனே உணர்ந்துகொள்ளும். அவர் வெட்டிப் பேசினால் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து எழும் ஆரவாரம் நெடுநேரம் அடங்காது. மகிழ்ந்தவர்கள் கொண்டுவந்து தரும் அன்பளிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். எழுத்தறிவு பரவாத காலத்தில் ஊர் மக்கள் பலருக்கு இலக்கியமும் வாத முறையும் அறிமுகமானது இந்தத் தர்க்கங்களின் வழியேதான். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட நடிகைகள், பண்டிதர் ஒருவரோடு சரிநிகராக வாதிடும் ஆற்றலை மேடையிலேயே பெற்றிருப்பதைக் காண்பது இப்பயணத்தின் பெரும்பேறு.

தர்க்கத்தின் கூர்மை தணியாதிருக்கும்போதே முருகன் வேடனாக நுழைகிறான், ஓடிவந்த மானைக் கண்டாயா என்ற வினாவில் தொடங்கிக் காதல் வழக்காடுகிறான், தோற்று மறைகிறான். அதன்பின் வரும் விருத்தர் காட்சியில்தான் நாடகத்தின் நகைச்சுவை முழுதாகக் கனிகிறது. சற்றுமுன் நிமிர்ந்து நின்று உச்ச சுருதியில் பாடிய அதே ராஜபார்ட், வெண்தாடியும் தடியுமாகக் கூனிக்குறுகி, இருமியபடி வருகிறார். பசி என்கிறார், வள்ளி தேனும் தினைமாவும் பிசைந்து கொடுக்கிறாள். தின்றதும் விக்கல் எடுக்கிறது. விக்கல் ஒவ்வொன்றும் மிருதங்கத்தின் ஓர் அடியோடு சேர்ந்து விழ, சொற்றொடர் பாதியில் அறுந்து, அறுந்த இடத்தில் பொருள் மாறி, முதியவரின் வேண்டுகோள் நீர் வேண்டும் என்பதிலிருந்து நீ வேண்டும் என்பதற்கு நழுவுகிறது. வந்திருப்பவர் முருகன் என்பதை அவையில் உள்ள குழந்தையும் அறியும். வள்ளி ஒருத்தி மட்டுமே அறியமாட்டாள். இந்த அறிவு வேறுபாட்டை ஒரு மணி நேரம் தளரவிடாமல் காத்து, சிரிப்பைப் பக்திக்கு வெகு அருகில் கொண்டுபோய் நிறுத்துவதே ராஜபார்ட்டின் தேர்ச்சிக்கு உரைகல்.

இங்கே மீண்டும் அரியக்குடியை நினைப்பது பொருத்தமாகிறது. இராகம் தானம் பல்லவியே நெடும்பொழுதைக் கவர்ந்துகொண்டிருந்த பழைய கச்சேரி முறையை மாற்றி, வருணத்தில் தொடங்கி, நடுத்தர வேகத்தில் பல கீர்த்தனைகளைத் தொடுத்து, நடுவே விரிவான இராகத்தையும் பல்லவியையும் வைத்து, இறுதியில் துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களால் அவையை மகிழ்வித்து அனுப்பும் வரிசையை நிலைநிறுத்தியவர் இராமானுஜ ஐயங்கார். 1938இல் சங்கீத கலாநிதி விருதும் 1958இல் பத்மபூஷணும் பெற்ற அவருக்கு இளமையில் இசை கற்பித்தவர்களுள் ஒருவர் புதுக்கோட்டை மலையப்ப ஐயர். சங்கரதாசருக்குத் தாளம் தெளிவித்ததும் அதே புதுக்கோட்டை மண். அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கு மெட்டமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததிலும் ஐயங்காருக்குப் பங்குண்டு. இவ்விரு கலைகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு ஓர் ஒற்றுமை தெளிவாகும். கச்சேரிப் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும்கூட ஒத்திகை பார்ப்பதில்லை. கீர்த்தனை அனைவருக்கும் தெரிந்தது, அதன் மீது எழும் நிரவலும் சுரமும் அந்தக் கணத்தில் பிறப்பவை. ஸ்பெஷல் நாடகத்திலும் சுவாமிகளின் பாட்டு அனைவருக்கும் தெரிந்தது. தர்க்கமும் நகைச்சுவையும் அந்தக் கணத்தில் பிறப்பவை. முன்னதை மனோதர்மம் என்று போற்றும் அறிவுலகம், பின்னதை ஒழுங்கற்ற கூத்து என்று ஒதுக்குவதற்கு நியாயம் எதுவுமில்லை. இத்தாலியில் பதினாறாம் நூற்றாண்டில் தழைத்த ‘கொமெதியா தெல்லார்த்தே’ என்னும் நாடக வகையிலும் வேடங்கள் நிலையானவை, கதைப்போக்கு முன்னரே அறிந்தது, உரையாடல் மட்டும் மேடையில் எழுந்தது. அதனை ஐரோப்பிய நாடகப் பள்ளிகள் இன்று பாடமாகவே பயிற்றுகின்றன. தமிழ் வடிவம் அதனினும் கடுமையானது, ஏனெனில் இங்கே யாப்பும் இராகமும் தாளமும் கூடவே தவறாதிருக்க வேண்டும்.

இந்நாடகத்தின் புகழ் ஒரு காலத்தில் கடல் கடந்தது. 1926இல் கொழும்பு மேடையில் பாடக நடிகர்களான எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்த ‘வள்ளி திருமணம்’ இருவர் வாழ்வையும் மாற்றியது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் திடலின் கடைசி வரிசைக்கும் எட்டிய அவர்களின் உச்சக்குரல், இன்றும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் கலைஞர்களுக்கு அளவுகோலாக இருக்கிறது. காரைக்குடிக்காரரான ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் 1945இல் நடிகர் டி. ஆர். மகாலிங்கத்தை முருகனாக்கி ‘ஸ்ரீவள்ளி’யைத் திரைப்படமாக்கினார். பின்னர்க் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில் ‘நாம் இருவர்’ (1947), பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய ‘வேதாள உலகம்’ (1948) ஆகிய படங்கள் உருவாயின. நிலையம் சென்னைக்குப் பெயர்ந்துவிட்டது. திரைப்படம் நகரத்துக்குப் போனபின்னும் நாடகம் இந்த மண்ணை விட்டு அகலவில்லை.

அகலாமைக்குக் காரணம் பக்தியும்தான். அரியக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையத்தக்க குன்றக்குடியில் சண்முகநாதர் வள்ளி தெய்வயானையோடு குன்றின் மேல் எழுந்தருளியிருக்கிறார். தைப்பூசத்துக்குப் பழநி நோக்கிக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூடிப் புறப்படும் தலம் அது. முருகனைத் தம் வீட்டுப் பிள்ளையாகக் கருதும் இவ்வட்டாரத்தில், விடியற்காலையில் மேடையில் நடக்கும் மாலை மாற்றல் நடிப்பாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. மழை வேண்டியும், மணம் வேண்டியும், மகப்பேறு வேண்டியும் இந்நாடகம் நேர்ந்துகொள்ளப்படுகிறது. வள்ளியும் வேலனும் மாலை மாற்றும்போது உறங்கும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைக்கும் தாய்மாரை எந்த ஊரிலும் காணலாம்.

இக்கலைஞர்களின் வாழ்வு எளிதன்று. பங்குனி முதல் சில மாதங்களில் ஈட்டுவதைக் கொண்டு ஆண்டு முழுவதும் காலந்தள்ள வேண்டியிருப்பதும், இரவுத் தொழிலால் உடல் தளர்வதும், மேடையில் நிற்கும் பெண்ணை இழிவாகப் பார்க்கும் பழைய வழக்கம் முற்றிலும் மறையாதிருப்பதும் கண்கூடு. அதனினும் கவலை தருவது, தர்க்கங்கள் பல முறையாகப் பதிவாகாமல் போவது. சுவாமிகளின் பாடல்கள் அச்சில் உள்ளன. நாரதரும் வள்ளியும் நூறாண்டாக வளர்த்தெடுத்த வாதங்களோ பெரும்பாலும் மூத்த நடிகர்களின் நினைவிலேயே உள்ளன. தமிழ் பயிலும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரு கோடையிலேனும் மாணவரை இத்திடல்களுக்கு அனுப்பி, கலைஞரின் இசைவோடும் உரிய ஊதியத்தோடும், அவர்தம் பெயர்களைக் குறித்து, முழு இரவையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பயணியாக வருபவர் செய்யத்தக்கது இன்னும் எளிது: காரைக்குடியில் தங்கி, பகலில் அரியக்குடிக் கோயிலைச் சேவித்து, சுவர்களில் ஒட்டியுள்ள நோட்டீசில் ‘வள்ளி திருமணம்’ என்றிருக்கும் ஊரைக் கேட்டறிந்து, ஒரு பாயோடு இரவு பத்து மணிக்கு முன்னரே போய்ச் சேர்ந்து, பபூன் பகுதி முடிந்ததும் எழுந்துவிடாமல் மாலை மாற்றும்வரை இருந்து பார்க்க வேண்டும்.